எல்லைப்புறத் தமிழ் – 9: அடக்கிச் சொல்லும் ஹாஸ்யம்

சென்ற இதழில், சித்தூர்த் தாலுகாவின் கிழக்குக் கோடியிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் வழங்கும் விளிச்சொற்களைப் பார்த்தோம். கொச்சி சமஸ்தானத்திலிருந்து 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும், 1956-இல் கேரள ராஜ்யத்துக்கும் மாறிய இம்மண்ணில், வீட்டுப் பேச்சு மட்டும் பொள்ளாச்சிச் சீமையின் கொங்குத் தமிழாகவே நிலைத்து வந்திருக்கிறது. அப்பேச்சின் தலையாய குணமென்று நான் கருதுவது, பெரியதைச் சிறியதாக்கிச் சொல்லும் அதன் விநயம். அதன் மதிப்பை உள்ளபடி உணர, ஆங்கில ஹாஸ்ய நாவல்களின் சம்பாஷணைகளோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பி. ஜி. உட்ஹவுஸ் 1915-இல் முதன்முதலாக அறிமுகப்படுத்திய ஜீவ்ஸ் என்னும் பணியாள், எஜமானர் பெர்ட்டி வூஸ்டர் விபரீதமான யோசனை ஒன்றை உற்சாகமாக வெளியிடும்போது, அதைத் தவறென்று கண்டிப்பதில்லை. அது அவ்வளவு உசிதமாக இராதென்று தமக்குத் தோன்றுவதாக மெல்லச் சொல்லி நிறுத்திக்கொள்வார். 1934-இல் வெளிவந்த 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' நாவலில், எஜமானர் ஆசையோடு கொண்டுவந்த வெள்ளை மேலங்கி ஜீவ்ஸுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கதை முடியும் தறுவாயில், சூடான இஸ்திரிப் பெட்டியைக் கவனக்குறைவாக அதன்மேல் வைத்துவிட்டதாகப் பரம பணிவோடு தெரிவிக்கிறார். சொல் எவ்வளவு தணிகிறதோ, அவ்வளவுக்கு அதன் பின்னுள்ள உறுதி ஓங்கித் தெரிகிறது. அந்த இடைவெளியை வாசகன் தானே நிரப்பிக்கொள்ளும் க்ஷணத்தில் சிரிப்புப் பிறக்கிறது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயணிடம் இதே உபாயம் பாசத்தில் வேரூன்றி வளர்கிறது. 1967-இல் வெளிவந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலில், மிட்டாய்க் கடைக்காரரான ஜகன், மகன் மாலியிடம் கேட்க வேண்டியதை நேரில் கேட்கத் துணியாமல், ஊராருக்கெல்லாம் உறவினராகப் பழகும் ஒருவரைத் தூதாக வைத்து விசாரிக்கிறார். தந்தையின் பெருங்கவலை சில சாதாரண வார்த்தைகளுக்குள் ஒடுங்கி நிற்பதைக் கண்டு நாம் புன்னகை செய்யும்போதே, அவர்மேல் இரக்கமும் கொள்கிறோம்.

கொழிஞ்சாம்பாறைச் சீமையோ மழை மறைவுப் பிரதேசம். சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கென 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுதோறும் வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் பிந்தினால், இத்தாலுகாவில் பயிர் வாடும். அப்படி வாடிய வருஷத்தில் விவசாயியை விசாரித்தால், "இந்த வருசம் அவ்வளவு தோதில்லீங்க" என்பதற்குமேல் ஒரு சொல் வராது. கைமாற்றுக் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லாமல் "பாக்கலாமுங்க" என்பார். வந்தவரும் அதன் பொருளறிந்து, "சரிங்க, போயிட்டு வர்றனுங்க" என்று விடைபெறுவார். இருவர் மானமும் காக்கப்படுகிறது. மறுநாள் தெருவில் சந்திக்கும்போது எவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒன்றை அதற்குரிய சொல்லால் வெளிப்படையாகச் சொல்லாமல் தகுந்த வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கென்று கொண்டு, இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் அதன் வகைகளாக வகுத்தது நன்னூல். அந்த இலக்கணத்தை ஏடறியாத உழவரும் நாள்தோறும் கைக்கொள்ளும் சீமை இது. ஆயினும், திரையில் கொங்குத் தமிழ் ஒலித்தவுடன், 'ங்க' என்னும் ஓசைக்காகவே நாம் சிரித்துப் பழகிவிட்டோம். இப்பேச்சைக் கதையிலோ நாடகத்திலோ எடுத்தாள விரும்பும் இளம் எழுத்தாளர்கள், ஓசையைப் பிடித்துக்கொண்டு திருப்தியடையாமல், பேசுகிறவர் எதைச் சொல்லாமல் விட்டார், யாருக்காக விட்டார் என்பதைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். அப்போது அவர்கள் எழுதும் ஹாஸ்யத்தில் பேசுகிறவருக்கு உரிய மரியாதையும் நிலைபெறும்.

அடுத்த இதழில், இப்பேச்சோடு மலையாளம் கலந்த விதத்தைப் பார்ப்போம்.