அனர்த்தம் என்பது யாது?

புத்தளத்து உப்பளத் தொழிலாளர்க்கு மழையற்ற நாளே நன்னாள். அவ்வெயில் நீடிக்குமாயின் அயலிலுள்ள தென்னந்தோட்டக்காரர் வானத்தை நோக்கி ஏங்குவர். பெருமழை பெய்தாலோ தென்னை தழைக்கும். பாத்தியில் விளைந்த உப்புக் கரைந்துபோகும். ஒருவர்க்கு நன்மையாவது மற்றொருவர்க்குக் கேடாகுமெனின், இயற்கை அனர்த்தம் என்று நாம் எதனைச் சொல்வது?

இயற்கையின் சீற்றம் மட்டும் அனர்த்தமாகிவிடாது. ஆளில்லா நடுக்கடலில் எழுந்து அடங்கும் சூறாவளி வெறும் இயற்கை நிகழ்ச்சியே. அது மக்களைத் தாக்கி, அவர்தம் சொந்த முயற்சியால் தாங்கவியலாத இழப்பை விளைவிக்கும்போதுதான் அனர்த்தம் என்னும் பெயரைப் பெறுகின்றது.

அனர்த்தங்கள் பிறப்பிடத்தால் வேறுபடுவன. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பூமியின் அசைவால் தோன்றுவன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நடுக்கம் எழுப்பிய பேரலை, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேற்கு நோக்கிய புத்தளக் கரை பெருமளவு தப்பியது. புயலும் வெள்ளமும் வானிலையால் விளைவன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது, உள்நாட்டிற் பெய்த மழை தெதுறு ஓயாவிற் பெருகிவந்து சிலாபத்தை வெள்ளக்காடாக்கிற்று.

இவை ஆர்ப்பரித்து வருவன; உலகம் திரும்பிப் பார்க்கும்; நிவாரணமும் வந்துசேரும். ஓசையின்றி வருவனவும் உள. வரட்சி அவற்றுள் ஒன்று. தென்னம்பாளை விரிந்து காய் முற்ற ஓராண்டளவு செல்லும். ஆதலால் இவ்வாண்டு வரட்சியின் நட்டம் மறு ஆண்டே முற்றும் புலனாகும். அதற்குள் மழை பெய்து ஊர் பசுமை கொண்டிருக்கும்!

கடலரிப்பு மற்றொன்று. மாரவில முதலிய கரையோர ஊர்களில் கடல் சிறிது சிறிதாக நிலத்தை உண்கின்றது. ஆறுகள் கொணரும் மணலே கரைக்கு அரண். மாஓயா முதலிய ஆறுகளில் அம்மணலைக் கட்டடங்களுக்கென அள்ளியது அரிப்புக்கு ஒரு காரணம். எனவே ‘இயற்கை’ என்னும் அடைமொழிகூட இங்கே முழு உண்மையன்று.

இலங்கையின் 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், புயல் வெள்ளங்களோடு வரட்சியையும் கடலரிப்பையும் அனர்த்தங்களின் வரிசையிலேயே வைத்துள்ளது. சட்டம் கண்டதை நம் கண்ணும் காணவேண்டாமா? ஓரிரவில் வீடிழந்தவர்க்கு இரங்கும் நெஞ்சம், ஆண்டுக்கு ஓரடியாக முற்றத்தை இழப்பவர்க்கும் இரங்குதல் வேண்டும்.