காரின் குளிர்சாதனமும் கைக்கு வரும் மதிப்பீட்டுச் சீட்டும்

கோடை தொடங்கியதும் கார் பட்டறைகளில் கேட்கும் வாக்கியங்களுள் முதன்மையானது, “கம்ப்ரசர் போய்விட்டது” என்பதாகும். அதைத் தொடர்ந்து ஒரு மதிப்பீட்டுச் சீட்டு வருகிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம், சில வேளைகளில் அதற்கும் மேல். வண்டியின் உரிமையாளர் பொறியாளர் அல்லர். சீட்டில் எழுதப்பட்டிருக்கும் பாகங்கள் எங்கே இருக்கின்றன என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. எனவே வைப்புத் தொகையை இடையில் முறித்தோ, கடன் அட்டையில் தவணைக்கு மாற்றியோ பணம் செலுத்திவிடுகிறார்கள். எங்கள் மேசைக்கு வரும் அவசரத் தேவைகளில் இதுவும் ஒன்றாக இருப்பதால், இந்தச் சீட்டை எவ்வாறு படிப்பது என்பதை வங்கி இதழிலேயே எழுதுவது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குளிர்பொருள் வாயுவைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்குகிறது. வண்டியின் முன்பக்கத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே பாய்ந்து அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, அங்குள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. இது மூடிய சுற்று. பெட்ரோல் போல் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் எதுவும் இதில் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் “காஸ் நிரப்ப வேண்டும்” என்று ஒருவர் கூறினால், அதன் பொருள் எங்கோ கசிவு இருக்கிறது, அதை எவரும் தேடவில்லை என்பதுதான். பல ஆண்டுகளில் இணைப்புகளின் வழியே சிறிதளவு குறைவது இயல்பு. ஒரே கோடையில் காலியாவது இயல்பன்று.

பட்டறைக்குச் செல்லும் முன் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. காற்று வேகமாக வந்தும் குளிரவில்லையா, அல்லது காற்றே குறைவாக வருகிறதா என்பதே முதற்கேள்வி. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். காற்று குறைவாக வருமாயின், பெரும்பாலான கார்களில் பொருள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசும் சருகும் அடைத்து, கறுத்துப்போன ஃபில்டரைப் பார்த்தவர்கள் அதைத் தாமே மாற்றிக்கொள்வார்கள். விலை சில நூறு ரூபாய்தான். ஊதுவிசிறி மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் சுழன்று, மற்ற வேகங்களில் நின்றுவிடுமாயின், பல வண்டிகளில் அது ரெசிஸ்டர் என்னும் சிறு பாகத்தின் பழுது. முன்பக்கப் பயணியின் கால்மிதியில் நீர் தேங்கினால், வடிகுழாய் அடைத்திருக்கும். புளித்த நாற்றம் வந்தால் கூலிங் காயிலில் பூஞ்சை படிந்திருக்கலாம். இவற்றுள் எதற்கும் கம்ப்ரசரோடு தொடர்பில்லை.

வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் பொத்தான் இருந்தால் மே மாத நண்பகலில் எந்த ஏ.சி.யும் திணறும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உட்காற்றே சுழலும் நிலைக்கு மாற்றியபின் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழுதைப் பற்றி முடிவு செய்யலாம்.

காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால், நடு வாயிலில் ஒரு சாதாரண வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஏ.சி., பொதுவாக 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான காற்றைத் தரும். கடும் வெயிலிலும் ஈரப்பதத்திலும் சில டிகிரி கூடலாம். “முன்பு போல் இல்லை” என்று சொல்வதைவிட, “வாயிலில் 18 டிகிரி காட்டுகிறது” என்று சொல்வது பட்டறையில் வேறுவிதமான மரியாதையைப் பெற்றுத்தரும். குளிர்ச்சி எப்போது குறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பாகிறதா? தொடக்கத்தில் குளிர்ந்து, அரைமணி நேரத்தில் காற்றே நின்றுபோய், சற்று அணைத்து வைத்தால் மீண்டும் வருகிறதா? இரண்டாவது நிலையில் கூலிங் காயிலில் பனிக்கட்டி உறைந்து காற்றை மறிக்கிறது என ஐயுறலாம்.

இனி, “கம்ப்ரசர் போய்விட்டது” என்னும் கூற்றுக்கு வருவோம். கம்ப்ரசர் இயங்கவில்லை என்பதும், கம்ப்ரசர் பழுதாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. சுற்றில் குளிர்பொருள் மிகவும் குறைந்தால், கம்ப்ரசரைக் காப்பதற்காகவே அழுத்த உணரி அதற்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், எலி கடித்த ஒரு கம்பி ஆகியவையும் அதே விளைவைத் தரும். கிளட்ச் உள்ள கம்ப்ரசர்களில் கிளட்ச்சின் காந்தச்சுருள் மட்டும் எரிந்திருக்கலாம். பல வகைகளில் அதைத் தனியே மாற்ற இயலும். (கிளட்ச்சே இல்லாமல் எப்போதும் சுழலும் வகையும் உண்டு, அவ்வகையில் ‘டக்’ ஒலி கேட்கவில்லை என்பது எதையும் நிறுவாது.)

உண்மையை வெளிப்படுத்துபவை இரண்டு எண்கள். தாழ் அழுத்தப் பக்கத்திலும் உயர் அழுத்தப் பக்கத்திலும் மானியைப் பொருத்தி, இன்ஜினும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்கையில் எடுக்கப்படும் அளவுகள் அவை. இந்தியச் சாலைகளில் பெரும்பாலான வண்டிகள் பயன்படுத்தும் ஆர்-134ஏ குளிர்பொருளில், வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது, தாழ் பக்கம் தோராயமாக 30 முதல் 50 பி.எஸ்.ஐ. வரையிலும், உயர் பக்கம் 200 முதல் 300 வரையிலும் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். இரண்டும் குறைவாக இருந்தால், குளிர்பொருள் குறைந்திருக்கக்கூடும். கசிவைத் தேட வேண்டும். இரண்டும் மிகையாக இருந்தால், கண்டென்சர் வெப்பத்தைக் கழிக்க முடியாமல் தவிக்கிறது அல்லது வாயு அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருக்கிறது. தாழ் பக்கம் கூடியும் உயர் பக்கம் குறைந்தும், இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால், கம்ப்ரசர் அழுத்தும் ஆற்றலை இழந்திருக்கிறது என ஐயுறக் காரணம் உண்டு. கம்ப்ரசரை மாற்றச் சொல்பவரிடம் இந்த இரு எண்களையும் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

இன்ஜின் நிற்கும்போது மானியை வைத்து “காஸ் முழுதாக இருக்கிறது” என்று கூறுவதை ஏற்க வேண்டாம். சுற்றில் ஒரு சிறிதளவு திரவம் மீதமிருந்தாலே, 35 டிகிரியில் மானி ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. காட்டும், 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே எண்தான். அளவை அறிய ஒரே வழி, உள்ளிருப்பதை இயந்திரத்தால் வெளியே எடுத்து, எடைபோட்டு, வெற்றிடம் உண்டாக்கி, பானெட்டின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் குறித்த எடைக்கு மீண்டும் நிரப்புவதே. பல சிறிய கார்களுக்கு அந்த எடை அரைக் கிலோவுக்கும் குறைவு.

நாக்பூரில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், எங்கள் கிளையில் வாகனக் கடன் பெற்றிருந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் மே மாதத்தில் கூடுதல் கடன் கேட்டு வந்தார். அங்கே அம்மாதத்தில் 45 டிகிரி என்பது செய்தியே அன்று. ஏ.சி. இல்லையென்றால் பயணிகள் இறங்கிவிடுகிறார்கள், இரண்டு தவணைகள் தவறிவிட்டன என்றார். கையிலிருந்த மதிப்பீட்டில் கம்ப்ரசர் 24,500, கண்டென்சர் 8,200, கூலிங் காயில் 6,800, டிரையரும் வால்வும் 2,500, கூலி 5,000, ஆக 47,000 ரூபாய், வரி தனி. அழுத்த அளவு எதுவும் அதில் இல்லை. எப்போது குளிரவில்லை எனக் கேட்டேன். வார்தா சாலையில் வேகமாகச் சென்றால் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் இல்லை என்றார்.

இந்த அறிகுறி மட்டும் போதாது. தளர்ந்த கம்ப்ரசரும் இன்ஜின் வேகம் கூடும்போது சற்றுத் தேறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மானிதான். கடன் விண்ணப்பத்தை ஒருநாள் நிறுத்தி வைத்து, வேறு பட்டறையில் அழுத்தச் சோதனை மட்டும் செய்துவரும்படி கேட்டுக்கொண்டேன். வண்டி நிற்கையில் உயர் பக்கம் 350-ஐத் தாண்டியது. கண்டென்சர் மீது குழாயால் நீர் தெளித்ததும் மளமளவென இறங்கியது. கம்ப்ரசர் நன்றாகவே அழுத்துகிறது, வெப்பத்தைக் கழிக்கும் விசிறிதான் சுழலவில்லை என்பது தெளிவாயிற்று. விசிறி மோட்டாரும் கூலியும் சேர்த்து 3,600 ரூபாய். கூடுதல் கடனுக்கான தேவை எழவில்லை.

இதனால் பெரிய சீட்டுகள் எல்லாமே ஏமாற்று என்று எண்ணிவிடலாகாது. கம்ப்ரசர் உள்ளே உடைந்து உலோகத்துகள்களைச் சுற்றெங்கும் பரப்பியிருந்தால், கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. அத்துகள்கள் புதியதையும் கெடுத்துவிடும். அப்போது கண்டென்சர், டிரையர், வால்வு ஆகியவற்றையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக் நேர்மையானவரே. கழற்றிய குழாயில் கறுத்த எண்ணெயும் மினுங்கும் துகளும் இருப்பதைக் கண்ணால் காட்டச் சொன்னால் போதும். சுற்றைத் திறந்தால் டிரையரை மாற்றுவதும் முறையானதே. கூலிங் காயில் கசிகிறது என்று சொல்லி டேஷ்போர்டைப் பிரிக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் கூடுதலாக விசாரியுங்கள். புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம், மின்னணுக் கசிவு உணரி, நைட்ரஜன் அழுத்தச் சோதனை என வழிகள் பல உள்ளன. எதைக் கொண்டு, எந்த இடத்தில் கசிவைக் கண்டார்கள்? பிரிக்கும் கூலியே பெரும் தொகை. கசிவோ சில ரூபாய் மதிப்புள்ள ரப்பர் வளையத்தில் இருக்கலாம். சோதனைக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். அந்தச் சில நூறு ரூபாய்தான் மொத்தச் செலவில் மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து.

சீட்டின் கணக்குப் பகுதி எங்கள் துறைக்கு நெருக்கமானது. காஸ் நிரப்புதல் ஒரு வேலைக்கு ஒருமுறைதான். கண்டென்சருக்கு ஒன்று, கம்ப்ரசருக்கு ஒன்று என இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். ஒரு பாகத்தைக் கழற்றினால்தான் மற்றொன்றை எடுக்க முடியும் என்ற நிலையில், இரண்டுக்கும் முழுக் கூலி போடுவதும் கேள்விக்குரியது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. இன்னும் 28 என அச்சிட்ட சீட்டைக் கண்டால் விளக்கம் கேளுங்கள். பாகம் நிறுவனத் தயாரிப்பா, பிற தயாரிப்பா, புதுப்பிக்கப்பட்டதா என்பதும் உத்தரவாதக் காலமும் எழுத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னர் கேட்டால் “குப்பையில் போட்டுவிட்டோம்” என்பார்கள்.

காப்பீடு கைகொடுக்குமா எனப் பலர் கேட்கிறார்கள். தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் வரும் செலவை வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை. ஆனால் மோதலால் கண்டென்சர் உடைந்தால், அது விபத்துச் சேதம் என்ற வகையில் உரிமை கோரலாம். கோரத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கண்டென்சரும் கூலியும் 9,000 ரூபாய், வண்டிக்கு நான்கரை வயது என வைத்துக்கொள்வோம். உலோகப் பாகத்துக்கு அந்த வயதில் 35 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும், 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கையில் வருவது ஐயாயிரத்தை ஒட்டிய தொகை. மறுபக்கம், இப்போது 35 விழுக்காடாக உள்ள ‘நோ கிளெய்ம் போனஸ்’ அடுத்த ஆண்டு 45 ஆகாமல் சுழியமாகும். அதன்பின் 20, 25, 35, 45 என ஏறி, மீண்டும் 50-ஐ எட்டும் வரை ஆண்டுதோறும் இழப்பதைக் கூட்டினால், ஓராண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 120 விழுக்காடு வருகிறது. அப்பிரீமியம் 8,000 ரூபாய் எனக் கொண்டால் 9,600. வண்டியின் மதிப்பு குறையக் குறைய இது சற்றுக் குறையும் என்றாலும், சொந்தப் பணத்தில் மாற்றுவதே இலாபம்.

வெளிப் பட்டறைக்குச் சென்றால் நிறுவன உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணையில், உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்காமற் செய்ததையே முதன்மைக் குற்றமாகக் கண்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. உங்கள் உத்தரவாதப் புத்தகத்தின் வாசகத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிக்கு இந்தக் கவலையே தேவையில்லை. மின்சார, ஹைபிரிட் வண்டிகள் மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலும் அவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது. அதற்குரிய எண்ணெயும் வேறு. பயிற்சி பெற்றவர் அல்லாதார் அதைத் தொடக்கூடாது.

செய்யாத வேலைக்குக் கட்டணம் பெற்றார்கள், அல்லது உத்தரவாதக் காலத்திலேயே அதே பழுது திரும்பியும் கவனிக்க மறுக்கிறார்கள் என்றால், முதலில் பட்டறைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பில், அழுத்த அளவுகள் எழுதிய மதிப்பீட்டுச் சீட்டு, பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம் ஆகிய மூன்றையும் இணைத்துத் தாக்கல் செய்யுங்கள்.