இரு சாளரங்களும் ஒரு நினைவும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலுமுள்ள பாடசாலைகளில், மாணவரின் பரீட்சை விண்ணப்பங்களை ஆசிரியர்கள் இன்று இணையத்தின் வழியே நிரப்புகின்றனர். இத்தகைய பதிவுத்தளம் ஒன்றைக் கற்பனை செய்வோம். ஓர் ஆசிரியர் பாடசாலைக் கணக்கினால் உட்புகுந்து, முதற் சாளரத்தில் ஒரு மாணவியின் விண்ணப்பத்தையும், இரண்டாவதில் வேறொரு மாணவனின் விண்ணப்பத்தையும் திறக்கின்றார். பின்னர் முதற் சாளரத்துக்கு மீண்டு, பாடங்களைத் திருத்திச் சேமிக்கின்றார். அத்திருத்தம் யாருடைய விண்ணப்பத்தில் ஏறும்?

இணையத்தின் தொடர்புமுறையாகிய எச்.ரி.ரி.பி. இயல்பிலேயே நினைவற்றது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதியவர் ஒருவரின் வருகையே. இக்குறையைப் போக்க, 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி 'குக்கி' என்னும் முறையை வகுத்தார். ஊர்க்கடையின் கடன் கொப்பியை இதற்கு ஒப்பிடலாம். கொப்பி கடையில் இருக்கும்; வாடிக்கையாளர் கையில் பக்க எண் குறித்த துண்டு மாத்திரம் இருக்கும். அவ்வாறே பயனரின் விபரம் சேவையகத்தில் 'அமர்வு' என்னும் பெயரால் இருக்க, உலாவியிடம் அமர்வின் எண் மாத்திரம் குக்கியாக இருக்கின்றது.

இடர் இங்கேதான் பிறக்கின்றது. குக்கி சாளரத்துக்கு உரியதன்று, உலாவிக்கு உரியது. ஆதலின் இரு சாளரங்களும் ஒரே துண்டையே நீட்டுகின்றன. 'இப்பொழுது திருத்தப்படும் மாணவர் இவர்' என்பதை அமர்விலே குறித்து வைக்கும் தளத்தில், இரண்டாம் சாளரம் திறந்ததும் அக்குறிப்பு மாறிவிடும். மாணவியின் பாடங்கள் மாணவனின் விண்ணப்பத்தில் ஏறும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பரீட்சை அனுமதி அட்டை கைக்கு வரும்போதே தவறு வெளிப்படும்.

இதற்குப் பரிகாரம் யாது? உட்புகுந்தவர் யார் என்பதை மாத்திரம் அமர்வு நினைவிற் கொள்ளட்டும்; எவ்விண்ணப்பம் என்பதைப் பக்கமே சொல்லட்டும். விண்ணப்ப எண்ணைப் பக்கத்தின் முகவரியிலோ படிவத்தின் மறைபுலத்திலோ வைத்தல் வேண்டும். அவ்வெண்ணை எவரும் மாற்றி அனுப்பக்கூடும். ஆகையால் அவ்விண்ணப்பத்தைத் திருத்தும் உரிமை அவருக்குண்டா எனச் சேவையகம் ஒவ்வொரு முறையும் சோதித்தல் இன்றியமையாதது. பல படிகளையுடைய படிவங்களுக்குச் சாளரந்தோறும் தனியெண் வழங்குவதும் உண்டு. 2013இல் வெளிவந்த ஜே.எஸ்.எப். 2.2 இவ்வசதியைத் தன்னுள்ளே கொண்டது. ஒரே விண்ணப்பத்தை இரு சாளரங்களிலும் திருத்தினால், பதிப்பெண் ஒன்று துணைசெய்யும். பழைய பதிப்பெண்ணோடு வரும் திருத்தத்தைத் தளம் ஏற்காது, பயனருக்கு அறிவிக்கும்.

தளத்தின் அமைப்பை அறியாத பயனர், ஒரு விண்ணப்பத்தை முடித்த பின்னரே மற்றதைத் திறப்பது நன்று. தளம் அமைக்கப் பயிலும் நம் மாணவர்களோ, தாம் ஆக்கிய ஒவ்வொன்றையும் இரு சாளரங்களில் திறந்து சோதிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்வாராக. ஒரு பிள்ளையின் பரீட்சை அச்சிறு சோதனையில் தங்கியிருத்தல் கூடும்.