பூங்கா இடம் யார் பேரில் இருக்கிறது?

புது மனைப்பிரிவின் விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் தேடுவது மனை எண்ணையும் சாலை அகலத்தையும்தான். ஓரத்தில் பச்சையாக ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். அதற்கு எதிர்மனை என்றால் கொஞ்சம் விலை கூட. பத்து வருஷம் கழித்து வீடு கட்டிக் குடிவந்து பார்த்தால் அந்த இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும், இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டி நிற்கும், இல்லையென்றால் யாரோ வேலி போட்டுக் குடியே இருப்பார். பச்சைக் கட்டம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பதில் சொல்லலாம். டீயைக் கொஞ்சம் பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநகராட்சியும் நகராட்சியும் பூங்காவுக்காக நிலத்தை விலைக்கு வாங்குவது அபூர்வம். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நகர்ப்புறத்தில் ஒருவர் நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். ஆக இரண்டு மடங்கு. மேம்பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் அந்தப் பணத்தைத் தேடிப் பிடிப்பார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் போட எந்த ஆணையர் கோப்பை நகர்த்துவார்?

அதனால் உள்ளாட்சிக்குத் திறந்தவெளி கிடைக்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான். நிலத்துக்காரர் அதைப் பிரித்து விற்கவோ, பெரிதாகக் கட்டவோ அனுமதி கேட்டு வாசலில் நிற்கும் நேரம். அப்போது விட்டால் பிறகு கிடைக்காது. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டுக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர். தரகர், பொறியாளர், கவுன்சிலர் எல்லோரும் ‘ஓஎஸ்ஆர்’ என்றே சொல்வார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் விதிகளில் வெகு காலமாக இருந்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மாநிலம் முழுக்கப் பொதுவாயிற்று.

கணக்கு இப்படி. இடம் 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 74 சென்ட் வரை, எதுவும் தர வேண்டாம். அதற்கு மேல் போனால் சாலை போக மிஞ்சும் நிலத்தில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். உங்கள் சித்தப்பாவுக்கு ஊர் எல்லையில் ஐந்து ஏக்கர் இருக்கிறது, மனை போடுகிறார் என்று வையுங்கள். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மிச்சம் மூன்றரை ஏக்கர். அதில் பத்தில் ஒன்று 35 சென்ட். சென்னைக் கணக்கில் ஆறு கிரவுண்டுக்குச் சற்று மேல். ஒரு வாலிபால் கோர்ட்டும் நடைபாதையும் நாலு வேப்பமரமும் தாராளமாக அடங்கும்.

இதில் ஒரு சந்து உண்டு. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையான இடம் என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிட்டுப் போகலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், இந்தச் சலுகை கிடையாது. நிலமாகவே தர வேண்டும். சித்தப்பாவுக்கு அந்த வழி அடைபட்டது. ஆனால் ஐந்து ஏக்கரை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துத் தனித்தனியாக விண்ணப்பித்தால் என்ன என்ற யோசனையைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளா இல்லை? திட்ட அனுமதி தருபவர் தாய்ப் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறாரா என்பதில்தான் அந்தத் தெருவுக்குப் பூங்கா உண்டா இல்லையா என்பதே இருக்கிறது.

பணம் கட்டும் வழியை எனக்குப் பிடிக்காது. வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் உண்மை விலையைவிடக் குறைவு. அந்தப் பணத்தைக் கொண்டு அதே தெருவில் அதே அளவு இடம் வாங்க முடியாது. வாங்க முடிந்தாலும் அதற்குள் காலி மனை இருக்காது. கணக்கில் பணம் ஏறும், பிள்ளைகள் ரோட்டில் பந்து ஆடும்.

இன்னொரு பக்கம், ‘என் நிலத்தை இலவசமாகத் தானம் எழுதிக் கொடு என்று அரசு எப்படிக் கேட்கலாம்?’ என்ற கேள்வியும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு இது. 2023 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் சென்னை விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. நிலத்தைப் பிரித்து அடர்த்தியாக வீடு கட்டி லாபம் பார்க்கும்போது, அங்கே வந்து சேரும் கூட்டத்துக்கு மூச்சுவிட இடம் விடுவதும் அனுமதியோடு ஒட்டிவரும் பொறுப்பு என்று பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. பேருந்துக்கு உரிமம் வாங்குபவர் படிக்கட்டு வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாதே.

ஒதுக்குவது வேறு, ஒப்படைப்பது வேறு. வரைபடத்தில் பச்சை பூசினால் இடம் பொதுவாகிவிடாது. உள்ளாட்சி அமைப்பின் பேருக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பத்திரம் முடிந்தால்தான் மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் என்பதால் இதுவரை பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். கோளாறு அடுத்த படியில். பத்திரத்தைக் கொண்டுபோய் வருவாய்த் துறையில் பட்டாவை மாநகராட்சி பேருக்கு மாற்ற வேண்டும். அதை யார் செய்வது? நிலம் கொடுத்தவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது, அவர் போய்விட்டார். பத்திரம் வாங்கிய அலுவலகத்தில் அது ஒரு பீரோவில் தூங்கும். பட்டாவில் பழைய பெயரே நீடிக்கும். நிலத்துக்காரர் காலமாவார். வாரிசுகள் பட்டாவைப் பார்ப்பார்கள், நம் அப்பா இடம்தானே என்பார்கள். சிலர் உண்மையாகவே தெரியாமல், சிலர் நன்றாகவே தெரிந்து, பூங்காவுக்கு விட்டதை மனை போட்டு விற்றுவிடுவார்கள். வாங்கியவர் வங்கிக் கடனோடு வீடு கட்டிய பிறகு இடிக்கச் சொன்னால் விவகாரம் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுக்கும்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது நினைவிருக்கும். 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி உள்ளே வந்தன. ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த பூங்கா இடங்களின் பதிவேட்டைத் தன் போக்கில் வைத்திருந்தது. சொத்து கைமாறியது, அந்தச் சொத்து எது எது என்ற பட்டியலும் அதே ஒழுங்கில் கைமாறும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

அனுமதி இல்லாத மனைப்பிரிவு இன்னும் மோசம். பத்து சதவீதம் தராமல் தப்பிப்பதும் அனுமதியே கேட்காமல் பிரித்து விற்றதற்கு ஒரு காரணம். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. கட்டணம் கட்டி மனையை நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் கடைசி மனையும் விற்றுப்போன இடத்தில் பூங்காவை எங்கிருந்து கொண்டுவருவது?

வெளியார் ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பொது இடத்தை அதிகம் தின்றது பொதுக் காரியமே என்பது என் கணிப்பு. சென்னை சென்ட்ரல் பக்கம் போய்ப் பாருங்கள். 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் அங்கே 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவானது. குளங்கள், வாத்திய மேடை, பின்னால் மிருகக்காட்சிசாலையும் வந்தது. பிறகு விக்டோரியா பொது மன்றத்துக்கு ஒரு துண்டு, மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையும் அந்தப் பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது. பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே அதில் தன் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டது. கடைசியில் நேரு விளையாட்டரங்கம். எல்லாம் ஊருக்குத் தேவையானவைதான், ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் இன்று மை லேடீஸ் பூங்கா என்ற துண்டைத் தவிரப் பூங்கா என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் இல்லை. நம் தெருவில் இதே கதை சின்ன அளவில் நடக்கும்: முதலில் நீர்த்தொட்டி, அடுத்து ரேஷன் கடை, அப்புறம் சமுதாயக் கூடம். காலியாக இருக்கும் அரசு இடம் அது ஒன்றுதானே என்பார்கள்.

இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி தன் இடங்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறியதை அரசின் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. பட்டியலில் ஏற்றினால்தானே? பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதிக்காரர்களே வழக்குப் போட்டு, 1991இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். பூங்கா என் சொத்து இல்லையே, நான் எப்படி வழக்குப் போடுவது என்ற தயக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. அங்கே வசிப்பதே போதும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூங்கா கட்டுவதற்கு ஏதாவது ஒரு திட்டத்தில் பணம் வந்துவிடும், திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் இருக்கும். தோட்டக்காரர் சம்பளத்துக்கும் தண்ணீருக்கும் கல்வெட்டு கிடையாது. அது மாதாமாதம் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார்கள், குடியிருப்போர் சங்கத்திடம் தத்துக் கொடுக்கிறார்கள். சங்கம் எடுத்தால் செடி நன்றாக வளரும். கூடவே ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகையும் சில இடங்களில் முளைக்கும். அதை விடக் கூடாது. பணமே இல்லையென்றால் மரமாவது வையுங்கள் என்பேன். 2020இல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி நெருக்கமாக நட்ட மியாவாக்கி காட்டைப் போல, மரம் நிறைந்த இடத்தில் கை வைக்க யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

உங்கள் தெருவில் பச்சைக் கட்டம் இருந்தால் மூன்று காகிதம் எடுங்கள். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று, அதே எண்ணுக்குப் பட்டா நகல். வில்லங்கத்தில் தானப்பத்திரம் தெரிந்து, பட்டாவில் மட்டும் பழைய ஆள் பெயர் இருந்தால், பத்திர எண்ணைக் குறிப்பிட்டு ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். வாங்கியதற்கு ஒப்புகை கேளுங்கள். பட்டாவில் பெயர் மாறியதும் அளந்து கல் நடச் சொல்லுங்கள். ஊஞ்சலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.