பஞ்சத்தில் அன்னமிட்ட பின்னல்

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும்பஞ்சம் மூண்ட காலத்தில், கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலின் கன்னியர் கற்பித்த குரோஷா லேஸ், ஏழை இல்லங்களில் அடுப்பெரியச் செய்தது.

தொடங்குவோருக்குச் சதுரப் பின்னலே எளிது. 23 சங்கிலிக் கண்ணிகள் இடுக. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, எட்டாம் கண்ணியில் நுழைத்து நூலை இழுத்து, இரண்டிரண்டாக இருமுறை கழற்றுக, இது நெடுங்கண்ணி. பின் இரு சங்கிலி இட்டு, கீழே இரண்டு கண்ணி தாண்டி மற்றொரு நெடுங்கண்ணி. இவ்வாறே முடிக்க, ஆறு சதுரங்கள் அமையும். திருப்பி, ஐந்து சங்கிலி இட்டு, அடுத்த நெடுங்கண்ணியின் தலைமேல் நெடுங்கண்ணி, இடையே இரு சங்கிலி எனத் தொடர்க.

நாம் கண்டவரை, புதியோர் பிழைப்பது ஈற்றிலேயே. ஓரச் சங்கிலியில் இரண்டைத் தாண்டி மூன்றாவதில் நெடுங்கண்ணி இடாவிடில் ஓரம் குறுகும். கோணிய லேஸை யார் வாங்குவர்? அன்றைய அயர்லாந்துத் தாய்க்கு அவ்வொரு கண்ணி ஒருவேளை உணவன்றோ!