ஒரு செட்டாப் பாக்ஸ், ரெண்டு டிவி... காசு செலவழிக்கும் முன் இதைப் படிங்க!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயில் உள்ள ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் எடுத்த கோயில் என்று அங்கே கல்வெட்டிலேயே பொறித்து வைத்திருக்கிறான் மன்னன்.

இன்றைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே வேறொரு ‘இல்லாமல்’ பற்றித்தான் பேச்சு. புது செட்டாப் பாக்ஸ் இல்லாமல், இன்னொரு மாதச் சந்தா இல்லாமல், உள்ளறை டிவியிலும் படம் வரவைக்க முடியுமா?

முடியும். ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு. அது தெரியாமல் கடைக்குப் போனால் காசுதான் வீணாகும்.

அப்போது வந்தது... இப்போது ஏன் வருவதில்லை?

ஹாலில் புது எல்.இ.டி டிவி வந்தபிறகு, பழைய டிவி பாட்டி படுக்கும் அறைக்குப் போயிருக்கும். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வாங்கிய 14 அங்குல டிவிகூட சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது.

முன்பெல்லாம் கேபிள் வயரில் ஒரு ஸ்பிளிட்டரைப் போட்டு இரண்டாகப் பிரித்தால் போதும். ஹாலில் கிரிக்கெட், உள்ளே சீரியல் என்று ஆளுக்கொன்று பார்க்கலாம். எல்லா சேனல்களும் அந்த வயரிலேயே வந்தன. தேவையானதை டிவியே பிரித்து எடுத்துக்கொண்டது.

டிஜிட்டல் வந்ததும் இது மாறியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, அதே ஆண்டு செப்டம்பரில் செட்டாப் பாக்ஸ்கள் வரத் தொடங்கின. இப்போது சேனலைப் பிரிக்கும் வேலையைச் செய்வது பாக்ஸ். சந்தா இருக்கிறதா என்று பார்த்து, பூட்டைத் திறந்து, நீங்கள் ரிமோட்டில் அழுத்திய ஒரே ஒரு சேனலைத்தான் அது வெளியே அனுப்பும்.

ஆக, ஒரு பாக்ஸிலிருந்து எத்தனை டிவிக்கு வயர் இழுத்தாலும், எல்லாவற்றிலும் ஒரே சேனல்தான் தெரியும். இதை மாற்றும் கருவி எதுவும் கடையில் கிடையாது.

ஒரே சேனல் போதுமா? வழி இருக்கிறது

ஹாலில் ஓடும் அதே சீரியலை, எழுந்து வரமுடியாத பாட்டி உள்ளே படுத்தபடி பார்த்தால் போதும் என்றால் செலவு குறைவு.

ஏ.வி. கேபிள்: பாக்ஸின் பின்புறம் பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ துளையோடு, ஏ.வி. அவுட்டும் இருக்கும். பெரும்பாலான பாக்ஸ்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஹெச்.டி.எம்.ஐ-யை ஹால் டிவிக்கும், ஏ.வி-யை உள்ளறை டிவிக்கும் கொடுத்துவிடலாம். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. பழைய டிவியில் வெள்ளைத் துளை மட்டும் இருந்தால் அதுவே போதும். பத்துப் பதினைந்து மீட்டர் வரை நல்ல கேபிளில் படம் தெளிவாக வரும். சில பாக்ஸ்களில் மூன்று துளைக்குப் பதிலாக, ஹெட்போன் துளை மாதிரி ஒன்றுதான் இருக்கும். அதற்கான பின் கேபிளில் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ‘கர்ர்’ என்று இரைச்சல் மட்டும் வந்தால், மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

ஹெச்.டி.எம்.ஐ ஸ்பிளிட்டர்: இரண்டும் புது டிவி, இரண்டிலும் ஹெச்.டி தரம் வேண்டும் என்றால் இது. தனியாக அடாப்டரில் கரன்ட் எடுக்கும் வகையை வாங்குங்கள். கேபிள் நீளம் கூடக்கூட சிக்னல் விட்டு விட்டு வரும். மாடி அறை வரை போகவேண்டும் என்றால், இன்டர்நெட்டுக்கு இழுக்கும் ‘கேட்-6’ வயரில் சிக்னலை அனுப்பும் எக்ஸ்டெண்டர்கள் இருக்கின்றன.

ஆர்.எஃப். மாடுலேட்டர்: உள்ளறை டிவியில் ஆன்டெனா துளை மட்டும்தான் இருக்கிறது என்றால், ஏ.வி. சிக்னலைப் பழைய கேபிள் சிக்னலாக மாற்றும் இந்தச் சின்னப் பெட்டி உதவும். வீட்டில் ஏற்கெனவே ஓடும் பழைய கேபிள் வயரையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

வயர்லெஸ்: சுவரை உடைக்க வேண்டாம், வயரும் தெரியாது. விலை அதிகம். தடித்த கல் சுவர், கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் படம் தடுமாறும். முடிந்தால் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சேனல் மாற்ற ஹாலுக்கு ஓட வேண்டுமா?

சாதாரண ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி சுவரைத் தாண்டாது. உள்ளறையில் அழுத்துவதை வாங்கி, பாக்ஸ் முன்னால் மறுபடி ஒளிரச் செய்யும் ‘ஐ.ஆர். எக்ஸ்டெண்டர்’ கிடைக்கிறது. சத்தத்துக்கு ஒரு எளிய வழி: பாக்ஸின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, அந்தந்த டிவி ரிமோட்டில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமான பெரியவர் அறையில் அதிகமாகவும் ஹாலில் குறைவாகவும் வைக்கலாம்.

வேறு சேனல்தான் வேண்டும் என்றால்...

பேரனுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்றால் இரண்டாவது பாக்ஸ்தான் வழி. கேபிள் இணைப்பில் வயரைப் பிரித்து இரண்டு பாக்ஸ்களுக்கும் கொடுக்கலாம். டி.டி.ஹெச். டிஷ்ஷில் கேபிள் ஸ்பிளிட்டரைப் போடக்கூடாது. டிஷ் முனையில் உள்ள எல்.என்.பி-க்கு பாக்ஸ்தான் மின்சாரம் அனுப்புகிறது. சேனலுக்கேற்ப அந்த வோல்டேஜும் மாறும். இரண்டு பாக்ஸ் ஒரே வயரில் மோதினால் பாதி சேனல்கள் வராது. இரண்டு அவுட் உள்ள ‘ட்வின்’ எல்.என்.பி. போட்டால், ஒரே டிஷ் போதும்.

கட்டணத்தில் கவனம் தேவை. ஒரே வீட்டின் கூடுதல் இணைப்புக்கு, நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020-ல் டிராய் வரம்பு வைத்தது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பையே விலக்கிவிட்டது. எனவே, “ரெண்டாவது டிவிக்கு எவ்வளவு?” என்று கேட்டு, பேசி முடிவு செய்யுங்கள். ஹாலில் இருக்கும் பேக்கையே உள்ளேயும் போடத் தேவையில்லை. பாட்டி பார்ப்பது மூன்று சேனல் என்றால், அந்த மூன்றை மட்டும் கேளுங்கள்.

மாதச் செலவே கூடாது என்றால், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டும்தான், சந்தா கிடையாது. டிடி தமிழ், செய்திகள் எல்லாம் வரும். பிரபல தமிழ் சீரியல் சேனல்களை எதிர்பார்க்க வேண்டாம்.

இடி மழைக் காலத்தில்...

இரண்டு அறை டிவிகளும் இப்போது ஒரே வயரில் பிணைந்திருக்கின்றன. மின்னல் ஒன்றில் பாய்ந்தால் இன்னொன்றையும் தொடும். இடி கேட்க ஆரம்பிக்கும் முன்பே பிளக்கோடு சேர்த்துக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கரன்ட் வயர் போகும் பைப்புக்குள் டிவி கேபிளை நுழைக்காதீர்கள். படத்தில் கோடு ஓடும், ஆபத்தும்கூட. அதேபோல, பக்கத்து வீட்டுக்கு வயர் கொடுப்பது சந்தா விதிகளுக்குப் புறம்பானது.

கடைக்குக் கிளம்பும் முன் உள்ளறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “நாங்க பாக்கிறதையே பாத்தா போதுமா, இல்ல உங்களுக்கு வேற வேணுமா?” போதும் என்றால் சில நூறு ரூபாய் கேபிளோடு வேலை முடிந்தது. வேறு வேண்டும் என்றால், ஸ்பிளிட்டர்களில் பணத்தைப் போடாமல் நேராக இரண்டாவது பாக்ஸைக் கேளுங்கள். நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பவருக்கு, தனக்குப் பிடித்த சேனலைத் தானே மாற்றிப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.