பசளையும் மண்ணின் அமிலத்தன்மையும்

திருவள்ளுவர் உழவைப்பற்றிக் கூறுமிடத்து, உழுதலினும் எருவிடுதலை உயர்த்திப் பேசினார். ஆயினும் எவ்வெரு எந்நிலத்துக்கு ஏற்கும் என்பது தனித்து ஆராயத்தக்கது. எரு பயிருக்கு உணவாவதோடு அமையாது, மண்ணின் இயல்பையும் மாற்றுகின்றது. அம்மாற்றங்களுள் அமிலத்தன்மை பற்றியதனை, உடப்புசல்லாவை மலைநிலத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஏறக்குறைய 950 மீற்றர் தொடக்கம் 1,600 மீற்றர் வரையான உயரத்தில் இத்தேயிலைப் பிரதேசம் அமைந்துள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று இங்கே பெருமழை தருவது. மழைநீர் மண்ணினூடு இறங்குங்கால் கல்சியம், மகனீசியம் முதலியவற்றைக் கரைத்துச் செல்ல, அவற்றின் இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. ஆதலின் இம்மண் இயல்பாகவே புளிப்புடையது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திற் பழகியவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

மண்ணின் புளிப்பை அளக்கும் பீ.எச். அளவுமுறையை 1909இல் வகுத்தவர் தென்மார்க்கு அறிஞர் சோரன்சன் ஆவர். அதில் 7 நடுநிலை. அதனின் குறையக் குறையப் புளிப்பு மிகும். பெறுமானம் 5இலிருந்து 4க்கு இறங்கினால் புளிப்புச் சிறிது கூடிற்று என்று கருதலாகாது. பத்து மடங்கு கூடிற்று என்பதே பொருள். தேயிலை 4.5 முதல் 5.5 வரையில் செழிக்கும். கோவா, கரட், லீக்ஸ் ஆகியனவோ 6ஐ அடுத்த மண்ணையே விரும்புவன. தேயிலை மலைக்கும் லயத்துத் தொழிலாளரின் காய்கறித் தோட்டத்துக்கும் பல இடங்களில் ஒரு கானே எல்லையாகும். ஆயினும் அவ்விரு பயிர்களின் தேவைகள் வேறு வேறு.

இனி, பசளையின் செயலை நோக்குவோம். அமோனியஞ் சல்பேற்றை இட்டால், மண்ணின் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அப்பொழுது ஐதரசன் அயன்கள் வெளிப்படுகின்றன. 100 கிலோகிராம் அமோனியஞ் சல்பேற்றின் புளிப்பைத் தீர்க்க ஏறக்குறைய 110 கிலோகிராம் தூய சுண்ணக்கல் வேண்டும். யூரியாவும் புளிப்பை விளைப்பதே. எனினும் ஒரே அளவு நைதரசனுக்கு அதன் புளிப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாம். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட்டில் 1856இல் தொடங்கிய புற்றரைப் பரிசோதனை இதற்குத் தக்க சான்று. ஆண்டுதோறும் அமோனியஞ் சல்பேற்று இட்டுச் சுண்ணாம்பு இடாது விட்ட பாத்திகளில் பீ.எச். 4க்கும் கீழே சென்றது. புளிப்பைத் தாங்கும் சிலவகைப் புற்களே எஞ்சின.

புளிப்பை விரும்பும் தேயிலைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவேதான், 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம், மண்ணைச் சோதித்துக் கவ்வாத்துக் காலத்தில் தொலமைற்று இடுமாறு கூறுகின்றது. தொலமைற்று புளிப்பைத் தணிப்பதோடு கல்சியத்தையும் மகனீசியத்தையும் மீட்டுக் கொடுக்கின்றது.

மாட்டெருவும் சாம்பலும் வேறு வகையின. சாம்பல் காரத்தன்மை உடையது. நன்கு மக்கிய எரு, கரைந்துநிற்கும் அலுமினியத்தைப் பிணித்து அதன் நச்சுத்தன்மையைக் குறைப்பது. கென்யாவில், பழைய குடிசைகள் இருந்த இடங்களிலே சாணமும் சாம்பலும் பல்லாண்டாய்ச் சேர்ந்து மண்ணின் புளிப்பைப் போக்கிவிட்டமையால், அவ்விடங்களில் நட்ட தேயிலை தேறவில்லை. தேயிலையைக் கெடுத்த அப்பொருள்களே புளித்த மண்ணிற் காய்கறிக்கு உதவுவன.

இவ்வேறுபாட்டை உணராமையால் நேரும் இழப்புச் சிறிதன்று. என் மாணவன் ஒருவனின் தந்தையார் லயத்தின் பின்புறத்திற் கோவா பயிரிட்டார். பயிர் குன்றியது. பசளை போதாது என்றெண்ணிக் கடன்பட்டு அமோனியஞ் சல்பேற்றை மேலும் இட்டார். பயிர் மேலும் குன்றியது. மண்ணைச் சோதித்தபோது பீ.எச். 4.4 எனக் கண்டோம். அந்நிலையில் அலுமினியம் கரைந்து வேரை முடக்கும். பொசுபரசும் பயிருக்கு எட்டாது பிணிபட்டு நிற்கும். குறைந்தது உணவன்று, அதை உண்ணும் வேரின் வலிமையே. தொலமைற்று இட்டுச் சில கிழமைகள் கழித்து மக்கிய எருவிட்டார். அடுத்த போகத்திற் பயிர் தேறியது. இரண்டையும் ஒருங்கே கலந்திடலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியாவாய்க் காற்றிற் போய்விடும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் இரசாயனப் பசளை தீது, இயற்கைப் பசளை நன்று என்றும், அதற்கு மறுதலையாகவும் வாதங்கள் எழுந்தன. மண்ணின் நிலையை அறியாது அவ்வாதத்துக்கு முடிவு காண இயலாது. பீ.எச். காணுதல் பாடசாலை விஞ்ஞானகூடத்திலும் செய்யத்தக்க எளிய சோதனை. நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு பிடி மண்ணைக் கொணர்ந்து சோதித்துப் பெற்றோர்க்கு அறிவிப்பாராயின், அவர்தம் கல்வி ஒரு குடும்பத்தின் கடனையேனும் குறைக்கும்.